நடுநிலையாக்கல் வெப்பம்: கலோரிமீட்டர் அளவீட்டிலிருந்து நம்பத்தக்க விடை வரை

நடுநிலையாக்கல் வெப்பச் சோதனையின் சூத்திரம் ஒரே வரிதான். அதை மனப்பாடம் செய்துகொண்டு ஆய்வகத்துக்குள் போகிறவர்களில் பலர் 52, 48, சில சமயம் 28 என்றுகூட விடை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறார்கள். புத்தகத்தில் மோலுக்கு 57.3 கிலோஜூல் என்று இருக்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கணக்கைப் பின்னாலிருந்து போட்டு, வெப்பநிலையைத் திருத்தி, ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அதற்குத் தேவையே இல்லை. குறையும் கிலோஜூல்கள் எங்கே போகின்றன என்று தேடி நான் நிறையவே அலைந்திருக்கிறேன். செய்முறைக் கையேடுகள் ஒரு வாக்கியத்தில் தாண்டிப்போகிற இடங்களில்தான் அவை போகின்றன. ஒவ்வொன்றையும் பிடித்துவிட்டால் சாதாரணக் கல்லூரி ஆய்வகத்திலேயே 55-க்கும் 58-க்கும் இடையில் நேர்மையான விடை வரும்.

இது பிளஸ் ஒன் செய்முறை வகுப்புக்கோ, பி.எஸ்சி. முதல் ஆண்டு இயற்பிய வேதியியல் ஆய்வகத்துக்கோ முதன்முறை போகிறவர்களுக்காக எழுதுகிறேன். எடுத்துக்கொள்வது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும். இரண்டும் வலிமை மிகுந்தவை. நீரில் முழுக்க அயனிகளாகப் பிரிந்திருப்பவை. ஆகவே நடப்பதெல்லாம் ஒரு ஹைட்ரஜன் அயனியும் ஒரு ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து ஒரு நீர் மூலக்கூறு ஆவதுதான். ஒரு மோல் நீர் அப்படி உருவாகும்போது வெளிவரும் வெப்பத்தைத்தான் கண்டுபிடிக்கப் போகிறோம்.

1. முந்தைய நாளே கரைசல்களைத் தயாரித்துவிடுங்கள்

ஒரு முறை கலக்க அமிலம் 100 மி.லி., காரம் 100 மி.லி. வேண்டும். மூன்று முறை செய்யவும், செறிவு பார்க்கவும் சேர்த்து ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் போதும். சுமார் 1 மோலார் (லிட்டருக்கு ஒரு மோல்) செறிவு கிடைக்க, அரை லிட்டருக்கு சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் 21 கிராம். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 43 மி.லி. (பாட்டிலில் 35 முதல் 37 சதவீதம் என்று போட்டிருப்பது). பாதி நீரை முதலில் எடுத்து, அமிலத்தை அதில் மெதுவாக ஊற்றிவிட்டு, அப்புறம் அளவுக்கோடு வரை நிரப்புங்கள். அமிலத்தின் மேல் நீரை ஊற்ற வேண்டாம். புகைபோக்கி அறை இருந்தால் அங்கேயே செய்யுங்கள்.

காலையில் கரைத்து அன்றே சோதனையை முடித்துவிடலாம் என்று நினைப்பதுதான் முதல் பொறி. சோடியம் ஹைட்ராக்சைடு நீரில் கரையும்போதே மோலுக்கு 44 கிலோஜூல் அளவில் வெப்பம் வெளிவிடுகிறது. நாம் தயாரிக்கும் செறிவில் கரைசல் பத்து டிகிரிக்கு மேல் சூடேறிவிடும். அந்தச் சூடு முழுக்க இறங்காமல் அமிலத்தில் ஊற்றினால் கிடைக்கும் வெப்பநிலை ஏற்றத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை. ஓர் இரவு அறையிலேயே இருக்கட்டும். அமிலமும் காரமும், அளக்கும் கருவிகளும், கழுவும் நீரும் எல்லாம் ஒரே மேசையில், ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும்.

காரக் கரைசலைப் பிளாஸ்டிக் பாட்டிலில் இறுக மூடி வையுங்கள். கண்ணாடி மூடி போட்ட பாட்டிலில் வைத்தால் மூடி ஒட்டிக்கொண்டு திறக்க வராது. திறந்து வைத்தாலோ காற்றிலுள்ள கார்பன் டையாக்சைடை உறிஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாகக் கார்பனேட்டாக மாறும்.

இரண்டையும் ஒரே செறிவில் வைக்காமல் காரத்தைச் சற்று அதிகமாக எடுக்கச் சொல்வதற்கும் இதுதான் காரணம். காரம் மிச்சமிருந்தால் அமிலம் முழுவதும் ஹைட்ராக்சைடோடுதான் சேரும். கார்பனேட்டைத் தேடிப் போகாது. எத்தனை மோல் நீர் உருவானது என்பதை அமிலத்தின் செறிவை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்லிவிடலாம்.

0.1 மோலார் கரைசல்களை வைத்து ஏன் செய்யக்கூடாது என்று கேட்கலாம். செய்தால் வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறாது. அதில் 0.1 டிகிரி பிசகினால் விடையில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். 1 மோலார் செறிவில் ஏற்றம் ஆறு டிகிரிக்கு மேல் இருக்கும், அளக்கவும் வசதி.

2. செறிவைப் பார்க்காமல் கலக்காதீர்கள்

சோடியம் ஹைட்ராக்சைடு வில்லையைத் தராசில் வைத்த நொடியிலிருந்தே அது ஈரத்தை உறிஞ்சத் தொடங்குகிறது. அடர் அமிலத்தின் சதவீதமும் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். ஆகவே எடை போட்டதையும் அளந்து ஊற்றியதையும் வைத்துச் செறிவை முடிவு செய்ய முடியாது. தரம் பார்த்தே ஆக வேண்டும், அதாவது செறிவு தெரிந்த கரைசலோடு வினைபுரியவைத்துச் செறிவைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆக்சாலிக் அமிலப் படிகம் 1.575 கிராம் எடுத்து 250 மி.லி. திட்டக் குடுவையில் கரைத்தால் 0.1 நார்மல் திட்டக் கரைசல் தயார். காரக் கரைசலில் 10 மி.லி. பிப்பெட் செய்து 100 மி.லி. ஆக நீர்த்துக்கொள்ளுங்கள். அதில் 20 மி.லி. எடுத்து, நிறங்காட்டியாக ஃபீனால்ஃப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, ஆக்சாலிக் அமிலத்தால் தரம் பாருங்கள். 21.0 மி.லி. செலவானால் நீர்த்த கரைசல் 0.105, மூலக் கரைசல் 1.05 மோலார் (இந்தக் காரத்துக்கு நார்மலும் மோலாரும் ஒன்றே). அமிலத்தையும் அதே போல பத்து மடங்கு நீர்த்து, இப்போது செறிவு தெரிந்த நீர்த்த காரத்தோடு தரம் பாருங்கள். 20 மி.லி. நீர்த்த காரத்துக்கு நீர்த்த அமிலம் 21.4 மி.லி. ஆனால் மூல அமிலம் 0.98 மோலார்.

இதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடித்து, அமிலம் 1.00 மோலார் என்று எழுதிவிட்டால் விடையில் ஒரு கிலோஜூலுக்கு மேல் போய்விடும்.

3. என்னென்ன வேண்டும், எதில் செலவு செய்யலாம்

வெப்பம் வெளியே கசியாமல் கரைசல்களைக் கலக்கும் பாத்திரம்தான் கலோரிமீட்டர். அதற்குப் பழைய கையேடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தெர்மாகோல் கோப்பைகளை வைக்கச் சொல்லும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தெர்மாகோல் கோப்பைகளுக்குத் தடை இருக்கிறது. கடைகளில் தேடி அலைய வேண்டாம். மாற்று இரண்டு உண்டு. அகன்ற வாய் கொண்ட சிறிய தெர்மாஸ் குடுவை ஒன்று. இல்லாவிட்டால் 250 மி.லி. பீக்கரை 600 மி.லி. பீக்கருக்குள் வைத்து, இடைவெளியில் பஞ்சையோ, டிவி பெட்டியோடு வரும் தெர்மாகோல் துண்டுகளையோ இறுக அடைத்துக்கொள்ளலாம். மேலே கனமான அட்டை மூடி. அதில் வெப்பமானிக்கு ஒரு துளை, கலக்கிக்கு ஒரு துளை.

பணம் செலவு செய்வதென்றால் வெப்பமானிக்குச் செய்யுங்கள். ஒரு டிகிரிக்கு ஒரு கோடு போட்ட 110 டிகிரி வெப்பமானி இந்த வேலைக்கு ஆகாது. பத்தில் ஒரு டிகிரி படிக்கும் 50 டிகிரி வெப்பமானி வேண்டும். கல்லூரி ஆய்வகங்களில் அலமாரியில் பூட்டி வைத்திருப்பார்கள், கேட்டு வாங்குங்கள். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஆறரை டிகிரி ஏற்றத்தில் 0.1 டிகிரி பிசகு விடையில் கிட்டத்தட்ட 0.9 கிலோஜூல். அரை டிகிரியைக் கண்ணால் மதிப்பிட்டு எழுதினால் நான்கரை கிலோஜூல் அங்கேயே போய்விட்டது. மற்ற எதைச் சரிசெய்தாலும் அது திரும்ப வராது.

வெப்பமானி ஒன்றே ஒன்று இருக்கட்டும். இரண்டு வெப்பமானிகள் ஒரே நீரில் வைத்தாலும் 0.3, 0.4 டிகிரி வித்தியாசம் காட்டுவது சகஜம். நமக்கு வேண்டியது வெப்பநிலை வித்தியாசம் மட்டும்தான்; ஒரே வெப்பமானியானால் அதன் பிழை கழித்தலில் பெரும்பாலும் ஓடிவிடும். இரண்டைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், ஒரே பீக்கரில் வைத்து வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு தொடங்குங்கள்.

கலக்குவதற்கு வளைத்த கண்ணாடிக் கம்பி. வெப்பமானியாலேயே கலக்கினால் குமிழ் உடையும். பாதரச வெப்பமானியானால் அது வேறு தலைவலி. பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம் அணியுங்கள். ஆடையில் பட்ட 1 மோலார் காரத்தைக் கழுவிவிடலாம், கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. பட்டுவிட்டால் கால் மணி நேரமாவது ஓடும் நீரில் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக ஏற்பாடு செய்யுங்கள்.

4. கலோரிமீட்டர் மாறிலி: பலர் தாண்டிப்போகும் படி

வெளிவரும் வெப்பம் கரைசலை மட்டும் சூடாக்குவதில்லை. பீக்கரின் சுவர், கலக்கி, வெப்பமானியின் குமிழ் எல்லாமும் அதில் பங்கு கேட்கும். இவையெல்லாம் சேர்ந்து ஒரு டிகிரி ஏற எவ்வளவு ஜூல் எடுத்துக்கொள்கின்றன என்பதுதான் கலோரிமீட்டர் மாறிலி.

கலோரிமீட்டரில் 100 மி.லி. குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். இன்னொரு 100 மி.லி. நீரை அறை வெப்பநிலையிலேயே அளந்து, மூடிவைத்துச் சூடாக்குங்கள். அறையைவிட இருபது டிகிரி அதிகமானால் போதும். இரண்டின் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு, சூடான நீரைச் சட்டென்று ஊற்றி, மூடி, கலக்கிக்கொண்டே இறுதி வெப்பநிலையைப் பாருங்கள்.

குளிர்ந்த நீர் 29.0, சூடான நீர் 49.0, கலவை 38.5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். நீரின் தன்வெப்ப ஏற்புத்திறன் ஒரு கிராமுக்கு, ஒரு டிகிரிக்கு 4.18 ஜூல்.

சூடான நீர் இழந்தது: 100 × 4.18 × 10.5 = 4389 ஜூல்.
குளிர்ந்த நீர் பெற்றது: 100 × 4.18 × 9.5 = 3971 ஜூல்.
நடுவில் காணாமல் போனது: 418 ஜூல். அது கலோரிமீட்டர் எடுத்துக்கொண்டது.
கலோரிமீட்டரும் 9.5 டிகிரி ஏறியிருக்கிறது. ஆகவே மாறிலி: 418 ÷ 9.5 = 44 ஜூல்/டிகிரி.

இங்கே கவனமாக இருங்கள். இறுதி வெப்பநிலையை 38.5-க்குப் பதில் 38.4 என்று படித்தால் மாறிலி 53 ஆகும்; 38.6 என்று படித்தால் 35 ஆகும். இவ்வளவு ஆட்டம் ஆடும் எண் இது. அதனால்தான் ஒரே முறை செய்து முடித்துவிடக்கூடாது. மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். பயப்படவும் வேண்டாம். மாறிலியில் 9 ஜூல் பிசகினாலும் இறுதி விடையில் அது ஒரு சதவீதம்தான்.

இறுதி வெப்பநிலை இரண்டின் சராசரியான 39.0-ஐ விட அதிகமாக வந்தால் மாறிலி எதிர்க்குறியில் வரும். அப்படி ஒரு கலோரிமீட்டர் இருக்க முடியாது. வெப்பமானிகள் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றோ, குளிர்ந்த நீரின் அளவு குறைந்துவிட்டது என்றோ அர்த்தம். அந்த எண்ணை அடித்துவிட்டு மறுபடி செய்யுங்கள். எதிர்க்குறியை நேர்க்குறியாக மாற்றி எழுதுவதைப் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயம். சூடாக்கிய பிறகு அளவு ஜாடியில் 100 மி.லி. அளக்காதீர்கள். 49 டிகிரியில் நீரின் அடர்த்தி 0.988 தான், நீங்கள் 100 கிராம் என்று நினைத்து ஊற்றுவது ஒரு கிராமுக்கு மேல் குறைவாக இருக்கும். தராசு கைக்கெட்டினால் எடை போட்டுவிடுவது இன்னும் நல்லது. அடுத்து, இந்த மாறிலி மொத்தம் 200 மி.லி. இருக்கும்போது கிடைத்தது. சோதனையில் 50 + 50 என்று மாற்றிவிட்டால் நனையும் சுவரின் அளவு மாறும், மாறிலியும் மாறும். மாறிலி பார்த்த அதே அளவில்தான் சோதனையும் நடக்க வேண்டும்.

உங்கள் மாறிலி 44 ஆக இல்லாமல் 60, 80 என்று வரலாம். பீக்கர் கனமானதாக இருந்தால் அப்படித்தான் வரும், தவறில்லை. பக்கத்து மேசைக்காரரின் மாறிலியை மட்டும் எடுத்து எழுதாதீர்கள். அவருடைய பீக்கர் வேறு.

5. கலக்குவது: கடிகாரத்தோடு ஒரு கால் மணி நேரம்

தலைக்கு மேல் மின்விசிறி ஓடினால் நிறுத்திவிடுங்கள். சென்னை, மதுரை வெயிலில் இது கொடுமைதான், ஆனாலும் கால் மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமிலம் 100 மி.லி. பிப்பெட்டிலோ பியூரெட்டிலோ அளந்து கலோரிமீட்டரில் விடுங்கள். பிப்பெட்டை வாயால் உறிஞ்ச வேண்டாம். ரப்பர் பல்ப் பயன்படுத்துங்கள். காரம் 100 மி.லி. தனி பீக்கரில், பக்கத்திலேயே. முதலில் காரத்தின் வெப்பநிலையைப் பாருங்கள். வெப்பமானியைக் கழுவித் துடைத்துவிட்டு அமிலத்தில் வையுங்கள். கழுவாமல் மாற்றினால் குமிழில் ஒட்டிய காரம் அமிலத்தில் பட்டு அங்கேயே சூடாகும்.

இரண்டும் அரை டிகிரிக்குள் ஒத்திருந்தால் சரி. சம அளவு என்பதால் இரண்டின் சராசரிதான் தொடக்க வெப்பநிலை. அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் காத்திருங்கள். காரப் பீக்கரை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள், கைச்சூடு ஏறிவிடும்.

ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு அமிலத்தின் வெப்பநிலையை 1, 2, 3, 4-ஆம் நிமிடங்களில் எழுதுங்கள். சரியாக 5-ஆம் நிமிடத்தில் காரம் முழுவதையும் ஒரே ஊற்றாக ஊற்றி மூடுங்கள். சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருந்தால் ஒரு பக்கம் வெப்பம் உருவாகும்போதே மறுபக்கம் வெளியேறிக்கொண்டிருக்கும். ஊற்றிய பிறகு நிற்காமல் ஒரே சீராகக் கலக்கி, 6-ஆம் நிமிடத்திலிருந்து 12-ஆம் நிமிடம் வரை குறித்துக்கொண்டே போங்கள். ஒருவர் படிக்க, ஒருவர் எழுத என்று இரண்டு பேர் இருந்தால் வேலை நிம்மதியாக நடக்கும்.

மாதிரிக்கு ஒரு சோதனையின் எண்கள்:

1 முதல் 4-ஆம் நிமிடம் வரை: 29.3
5: கலத்தல்
6: 35.5
7: 35.5
8: 35.4
9: 35.3
10: 35.2
11: 35.1
12: 35.0

காரத்தின் வெப்பநிலையும் 29.3 என்று வைத்துக்கொள்வோம்.

6. உச்ச வெப்பநிலையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்

பெரும்பாலோர் இங்கே 35.5-இலிருந்து 29.3-ஐக் கழித்து 6.2 என்று எழுதிவிட்டு நகர்வார்கள். மறைந்துபோகும் கிலோஜூல்களில் ஒரு பங்கு இங்கேதான் மறைகிறது. அமிலமும் காரமும் சேர்வது கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த வெப்பம் கரைசல் முழுக்கப் பரவி, வெப்பமானி அதைக் காட்ட ஒன்றிரண்டு நிமிடம் ஆகிறது. அந்த இடைவெளியிலும் வெப்பம் வெளியே கசிந்துகொண்டுதான் இருக்கிறது. வெப்பமானி காட்டும் உச்சம் என்பது ஏற்கெனவே கொஞ்சம் இழந்த பிறகு உள்ள வெப்பநிலை.

கசிவின் வேகம் நம் எண்களிலேயே இருக்கிறது: 7-ஆம் நிமிடத்துக்குப் பிறகு நிமிடத்துக்கு 0.1 டிகிரி. வரைபடத் தாளில் கிடை அச்சில் நேரம், செங்குத்து அச்சில் வெப்பநிலை போட்டு, 7 முதல் 12 வரையுள்ள புள்ளிகள் வழியாக ஒரு நேர்கோடு வரையுங்கள். அளவுகோலை நகர்த்தாமல் அந்தக் கோட்டைப் பின்னோக்கி 5-ஆம் நிமிடம் வரை நீட்டுங்கள். 35.7-இல் வந்து நிற்கும். வெப்பம் துளியும் கசியாமல், கலந்த கணத்திலேயே எல்லாம் பரவியிருந்தால் இருந்திருக்கக்கூடிய வெப்பநிலை அது. ஏற்றம்: 35.7 − 29.3 = 6.4 டிகிரி.

6-ஆம் நிமிடப் புள்ளி கோட்டுக்குச் சற்றுக் கீழே கிடக்கும். அப்போது வெப்பமானி இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அதையும் கோட்டில் சேர்க்க முயன்று கோட்டைச் சாய்க்காதீர்கள். செங்குத்து அச்சைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் ஆறு டிகிரி ஏற்றம் தாளின் ஒரு மூலையில் ஒடுங்கிவிடும். 28-இல் தொடங்கி 37-இல் முடியுங்கள்.

மாறிலி பார்க்கும்போதும் இதே போல நேரம் குறித்துக் கோட்டைப் பின்னோக்கி நீட்டுவது நல்லது. நேரம் குறைவு என்றால் அங்கே விட்டுவிடலாம், இங்கே விட முடியாது.

7. கணக்கு

கரைசல் மொத்தம் 200 மி.லி. அதை 200 கிராம் என்றும், தன்வெப்ப ஏற்புத்திறன் நீருடையதே என்றும் எடுத்துக்கொள்வது வழக்கம்.

கரைசல் ஒரு டிகிரி ஏற: 200 × 4.18 = 836 ஜூல்.
கலோரிமீட்டரையும் சேர்த்து: 836 + 44 = 880 ஜூல்.
6.4 டிகிரி ஏற: 880 × 6.4 = 5632 ஜூல், அதாவது 5.632 கிலோஜூல்.
உருவான நீர்: அமிலம் 0.98 மோலார், 0.1 லிட்டர், 0.098 மோல்.
ஒரு மோலுக்கு: 5.632 ÷ 0.098 = 57.5 கிலோஜூல்.

வெப்பம் வெளிவருகிற வினை என்பதால் நடுநிலையாக்கல் வெப்பம் −57.5 கிலோஜூல்/மோல். அந்தக் கழித்தல் குறிக்கு மதிப்பெண் உண்டு.

இதே எண்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியையும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். உச்ச வெப்பநிலையை அப்படியே எடுத்தால் 55.7. கோட்டை நீட்டி, மாறிலியை மட்டும் விட்டால் 54.6. இரண்டையும் விட்டால் 52.9. செறிவையும் பார்க்காமல் 0.1 மோல் என்று போட்டால் 51.8. ஆய்வகத்தில் அடிக்கடி வரும் அந்த 52-க்கு இதுதான் பிறப்புக் கதை. அப்புறம் அந்த 28: அமிலத்தின் மோலையும் காரத்தின் மோலையும் கூட்டி 0.2 என்று போட்டு வகுப்பவர்களுக்குக் கிடைப்பது. இரண்டும் சேர்ந்துதான் ஒரு நீர் உருவாகிறது, கூட்டக்கூடாது. எது குறைவாக இருக்கிறதோ அதன் மோல்தான் நீரின் மோல்.

வெப்பநிலை வித்தியாசத்தோடு 273-ஐக் கூட்டிவிடுவது இன்னொரு பொறி. 6.4 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் என்பது 6.4 கெல்வின் வித்தியாசமேதான். பழைய புத்தகங்களில் 13.7 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், அது கிலோகலோரியில், 4.18-ஆல் பெருக்கினால் நம் எண்ணுக்கு வந்துவிடும்.

200 கிராம், 4.18 என்ற இரண்டு அனுமானங்களும் முழுக்கச் சரியா? இல்லை. கலந்த பிறகு நம்மிடம் இருப்பது லிட்டருக்கு 29 கிராம் அளவுக்கு உப்புள்ள நீர். கடல்நீரைவிடச் சற்றே உப்புக் குறைவு. அதன் அடர்த்தி 1.02 அளவில், தன்வெப்ப ஏற்புத்திறன் 4.03 அளவில். ஆக 204 × 4.03 = 822 ஜூல்; 836 இல்லை. இதை வைத்துக் கணக்குப் போட்டால் விடை 56.6. பிளஸ் ஒன் மாணவர்கள் வழக்கமான அனுமானத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பட்டப்படிப்பில் இருப்பவர்கள் இந்தத் திருத்தத்தைச் செய்துவிட்டு வைவாவில் சொன்னால் தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார்.

சரி, உண்மையான மதிப்புதான் எது? 57.3 என்று சில புத்தகத்தில் இருக்கும், 57.1 என்று சிலவற்றில். 25 டிகிரியில், முடிவிலா நீர்த்தலுக்கு (கரைசலை எல்லையின்றி நீர்த்த நிலைக்கு) கணக்கிட்ட மதிப்பு 55.8. இவற்றில் எதுவும் அச்சுப்பிழை இல்லை. இந்த வெப்பம் வெப்பநிலையைப் பொறுத்து மாறுகிறது, டிகிரிக்கு 0.2 கிலோஜூல் அளவில் வெப்பநிலை கூடக் கூடக் குறையும். குளிர்ந்த அறையில் அளந்தால் எண் பெரிதாக இருக்கும், நம் ஊர் அறையில் சிறிதாக இருக்கும். செறிவும் கொஞ்சம் மாற்றும். ஆகவே 57.3-ஐத் துரத்திப் பிடிப்பதை விட்டுவிடுங்கள். மூன்று முறை செய்து மூன்றும் ஒரு கிலோஜூலுக்குள் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், உங்கள் வேலையின் தரம் அதில்தான் தெரியும்.

தேர்வில் விரும்பிக் கேட்கும் ஒன்று: அமிலம், காரம் இரண்டின் கனஅளவையும் பாதியாக்கினால் வெப்பநிலை ஏற்றம் பாதியாகுமா? ஆகாது. வெப்பமும் பாதி, சூடாக வேண்டிய கரைசலும் பாதி. ஏற்றம் கிட்டத்தட்ட அதேதான். கலோரிமீட்டரின் பங்கு மட்டும் அப்படியே இருப்பதால் 6.4 என்பது 6.1 அளவுக்கு இறங்கும்.

8. வேறு அமிலம், வேறு காரம் கொடுத்தால்

செய்முறை ஒன்றுதான், எண்தான் மாறும். நைட்ரிக் அமிலம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்று வலிமையானவற்றையே மாற்றினால் விடையில் பெரிய வித்தியாசம் இருக்காது. வினை அதே நீர் உருவாகும் வினைதானே.

வலிமை குறைந்தவை முழுக்க அயனிகளாகப் பிரிந்திருப்பதில்லை. நடுநிலையாக்கலோடு சேர்ந்து அவற்றைப் பிரிக்கும் வேலையும் நடக்கிறது, அதற்கான வெப்பமும் விடையில் கலந்துவிடுகிறது. அம்மோனியாக் கரைசலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் என்றால் 52 அளவில் வரும். ஹைட்ரஜன் சயனைடுக்குப் புத்தக மதிப்பு 12 அளவில்தான். ஆய்வகத்தில் யாரும் செய்து பார்க்கும் சோதனை இல்லை, உயிர்க்கொல்லி. அசிட்டிக் அமிலம் வலிமை குறைந்தது என்றாலும் 55, 56 என்று வலிமையான அமிலத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். அதைப் பிரிக்கத் தேவைப்படும் வெப்பம் மிகச் சிறியது. ஆகவே அசிட்டிக் அமிலத்துக்கு விடை ரொம்பக் குறைந்தே ஆக வேண்டும் என்று எண்ணி எண்ணைத் திருத்தாதீர்கள்.

எதிர்ப்பக்கம் போகிறதும் உண்டு. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வலிமை குறைந்ததுதான், ஆனால் 68 அளவில் வரும். சின்னஞ்சிறு ஃபுளோரைடு அயனியை நீர் மூலக்கூறுகள் நெருக்கமாகச் சூழும்போது வெளிவரும் வெப்பமும் சேர்வதால் அப்படி. இதையும் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; தோல் வழியே ஊடுருவும் அமிலம் அது.

கந்தக அமிலம் கொடுத்தால் மோல் கணக்கில் நிதானம் வேண்டும். 50 மி.லி. 1 மோலார் கந்தக அமிலம் என்பது 0.05 மோல் அமிலம், ஆனால் 0.1 மோல் நீர். வகுக்க வேண்டியது நீரின் மோலால்.

9. ரெக்கார்டில் எழுதும்போது

அளவீடுகளை நேராக அப்சர்வேஷன் நோட்டில், பேனாவில் எழுதுங்கள். தவறான எண்ணை ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதினால் போதும். தனித்தாளில் எழுதி அப்புறம் அழகாகப் பெயர்த்து எழுதும்போதுதான் எண்கள் இடம் மாறுகின்றன. தரம் பார்த்த அட்டவணை, மாறிலியின் மூன்று முறை அட்டவணை, நேரம்–வெப்பநிலை அட்டவணை, வரைபடம், கணக்கு என்ற வரிசையில் ரெக்கார்டுக்குப் போகட்டும். வரைபடத்தில் பின்னோக்கி நீட்டிய பகுதியைப் புள்ளிக்கோடாகப் போட்டு, 35.7 என்று எழுதிக் காட்டுங்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்பது பார்க்கிறவருக்கு உடனே தெரிய வேண்டும்.

வெப்பநிலை ஏற்றம் 6.4 என்று பத்தில் ஒரு டிகிரி வரைதான் தெரியும். ஆகவே விடையை 57.469 என்று கால்குலேட்டர் காட்டியபடியே எழுதுவது சரியில்லை, 57.5 போதும். முடிவு வரியில் கழித்தல் குறி, அலகு, இவற்றோடு சோதனை நடந்த வெப்பநிலையையும் கரைசல்களின் செறிவையும் சேர்த்து எழுதுங்கள்: "0.98 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் 1.05 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடும், தொடக்க வெப்பநிலை 29.3 டிகிரி செல்சியஸ்; நடுநிலையாக்கல் வெப்பம் −57.5 கிலோஜூல்/மோல்." மூன்று முறையில் ஒன்று மட்டும் விலகி நின்றால் அதை மறைக்காமல் எழுதி, ஊற்றும்போது சிந்தியதா, கலக்குவது நின்றதா என்று காரணத்தையும் குறிப்பிடுங்கள்.

நேரக் கணக்கு: முந்தைய நாள் கரைசலுக்கு அரை மணி, மறுநாள் தரம் பார்க்க ஒரு மணி, மாறிலிக்கு ஒரு மணி, சோதனைக்கு ஒரு மணி. மூன்று மணி நேர வகுப்புக்குள் வரைபடத்துக்கு இடமிருக்காது. ஆனால் முதல் சோதனையின் கோட்டை மட்டுமாவது ஆய்வகத்தை விட்டு வெளியேறும் முன் போட்டுப் பார்த்துவிடுங்கள். புள்ளிகள் தாறுமாறாக இருந்தால் அங்கேயே இன்னொரு முறை செய்யலாம். கரைசல் பாட்டிலில் அதற்கு மிச்சம் இருக்கும்.